பதில் சொல்லும் செவி

ஹெட்செட் மாட்டிக்கொண்டு நடக்கும் இளையவர்கள்மீது நம் ஊரில் இரண்டு குற்றச்சாட்டுகள் உண்டு. கவனம் போய்விட்டது என்பது ஒன்று. மனுசரோடு பேச்சு அற்றுவிட்டது என்பது மற்றொன்று. பாபநாசம் போகும் பேருந்திலும் பாளையங்கோட்டைத் தேநீர்க் கடையிலும் இவ்விரண்டையும் ஒரே மூச்சில் சொல்லக் கேட்கலாம். கவனம் வேறு, மனுசரோடு பழக்கம் வேறு. ஒன்றுக்குக் கிடைத்த சான்றை மற்றதற்கும் சேர்த்துச் செலவழிப்பதுதான் இந்த விவாதத்தின் முதல் முறைப்பிழை. இரண்டையும் பிரித்து, தாமிரபரணிக் கரையில் பாட்டுக் கேட்டு வந்த முறைகளோடு வைத்து எடைபோட்டால்தான் குற்றச்சாட்டின் தரம் தெரியும்.

முதலில் கவனம். பியர் சலாமே, ஆலன் பேட்லி என்ற இரு உளவியலாளர்கள் 1980-களில் செய்த சோதனைகள் இன்றும் செல்லுபடியாகின்றன. எண்களை வரிசை மாறாமல் நினைவில் வைக்கச் சொல்லி, பின்னணியில் ஒலி எழுப்பினார்கள். வாய்ப்பாட்டு நினைவை நன்றாகக் குலைத்தது. வெறும் கருவியிசை அவ்வளவு குலைக்கவில்லை. கேட்பவருக்குப் பொருள் புரியாத பேச்சொலிகூட இடறியது. ஆகவே, பாட்டுக் கேட்டுக்கொண்டே ஆண்டுகளையும் சட்டப் பிரிவுகளையும் மனப்பாடம் செய்கிற போட்டித் தேர்வு மாணவரைப் பெரியவர்கள் கண்டிப்பதில் நியாயம் இருக்கிறது. ‘எனக்குப் பாட்டு இருந்தால்தான் படிப்பு ஏறும்’ என்ற பதில், படிக்க உட்கார வைக்கும் உந்துதலைப் பற்றி உண்மையாக இருக்கலாம். படித்தது நிற்பதைப் பற்றி உண்மையல்ல.

தெருவில் நடப்பவர் விஷயத்தில் சான்று எதிர்ப்பக்கம் சாய்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஐரா ஹைமனும் உடன் ஆய்வாளர்களும் ஒரு பல்கலைக்கழக முற்றத்தில் ஒற்றைச் சக்கர வண்டியில் கோமாளி ஒருவரைச் சுற்றவிட்டு, கடந்து போனவர்களிடம் கேட்டார்கள். 2010-ல் வெளியான ஆய்வு அது. கைபேசியில் பேசியபடி போனவர்களில் நாலில் ஒருவரே கோமாளியைக் கண்டிருந்தார். தனியே நடந்தவர்களில் பாதிப் பேர் கண்டார்கள். காதில் பாட்டோடு நடந்தவர்களில் பத்துக்கு ஆறு பேர். இரண்டு பேராய்ப் பேசிக்கொண்டு போனவர்கள்தான் எல்லாரையும்விட அதிகம், பத்துக்கு ஏழு பேர். ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வந்தது இதன் சிறப்பு. ஒரே முற்றம், ஒரே காட்சி என்பதும், யார் பாட்டுக் கேட்பது என்பதை நடந்தவர்களே தீர்மானித்திருந்தார்கள் என்பதும் இதன் குறை. குறையைக் கழித்துப் பார்த்தாலும் கண்ணை மறைத்தது பாட்டு அல்ல, கைபேசிப் பேச்சு என்பது நிற்கிறது. பேருந்தில் கைபேசியில் உரக்கப் பேசுபவரை விட்டுவிட்டு வாய்மூடிப் பாட்டுக் கேட்பவரைப் பிடிப்பது சான்றுக்குப் புறம்பானது.

அடுத்தது பழக்கம். அந்தக் காலத்தில் ஊரே கூடிக் கேட்டது, ஒன்றிக் கேட்டது என்கிறார்கள். கூடியது மெய். ஒன்றியது பாதி மெய். வில்லுப்பாட்டைப் பார்ப்போம். குடத்தின் மேல் கட்டிய வில், வீசுகோல், உடுக்கை, தாளம். பாட்டை நடத்தும் அண்ணாவி ஒரு வரியை எடுத்துவிட்டால் பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ என்கிறார். கோயில் கொடை நடக்கும் இரவில் பந்தலுக்குள் என்ன நடக்கிறது என்று கூர்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: பிள்ளைகள் துண்டு விரித்து உறங்குகிறார்கள், பெண்கள் வெற்றிலை மடித்தபடி ஊர்க்கதை பேசுகிறார்கள், ஆண்கள் தேநீருக்கு எழுந்து போகிறார்கள். கதையில் சாவு நெருங்கி, வில்லின் வேகம் ஏறி, சாமியாடிமீது சாமி வரத்து தொடங்கும்போது உறங்கியவர்களும் எழுந்து நிற்கிறார்கள். ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் இந்தத் தென்கோடி வில்லுப்பாட்டைப் பற்றி 1988-ல் வெளியிட்ட நூலின் பெருஞ்சாதனை இதுதான். பாட்டை ஏட்டில் கிடக்கும் கதையாக மட்டும் பார்க்காமல், சடங்கின் நடுவத்தை நெருங்க நெருங்க அது எப்படி உருமாறுகிறது என்று அவர் காட்டினார். நாங்குநேரியில் பிறந்த நா. வானமாமலை, வில்லில் பாடப்படும் முத்துப்பட்டன் கதையைப் பதிப்பித்து, அதிலுள்ள சாதி மோதலைப் படித்துக் காட்டியது வேறு வகைச் சாதனை. அது பனுவலுக்கு நியாயம் செய்தது, கேட்கும் கூட்டத்தை அதிகம் கவனிக்கவில்லை.

வில்லுப்பாட்டு தருவது இடையறாத கவனம் அல்ல. அது செவிக்கு ஒரு பொறுப்பைக் கொடுக்கிறது. ‘ஆமா’ என்பவர் கேட்பவரின் பிரதிநிதி. கேட்பதையே ஒரு வேலையாக மேடையில் உட்கார வைத்திருக்கிறது இந்தக் கலை. கூட்டம் சோர்ந்தால் அண்ணாவி கதையைச் சுருக்குவார். சாமி வரத் தாமதமானால் நீட்டுவார். இங்கிருந்து என் அளவுகோலை எடுத்துக்கொள்கிறேன். ஒரு கருவி எத்தனை பேரைக் கூட்டுகிறது என்பதைக்கொண்டு அதை அளக்கக் கூடாது. கேட்பவர் பதில் சொல்ல முடிகிறதா, எதைக் கேட்பது என்பதில் அவருக்குச் சொல் இருக்கிறதா, இந்த இரண்டும்தான் அளவு.

இந்த அளவுகோலில் வானொலி நன்றாகவே தேறுகிறது. திருநெல்வேலி நிலையம் 1963-ல் வந்தது. அதற்கு முன்பும் பின்பும் மன்னார் வளைகுடாவைத் தாண்டி இலங்கை வானொலி இங்கே தெளிவாகக் கேட்டது; அதன் அறிவிப்பாளர்கள் பி.எச். அப்துல் ஹமீதும் கே.எஸ். ராஜாவும் இந்தப் பக்கத்து வீடுகளுக்கு உறவுக்காரர்கள் மாதிரி. தேர்வு குறைவுதான், அவர்கள் போட்டதைத்தான் கேட்க வேண்டும். ஆனாலும் அஞ்சலட்டை எழுதினால் விருப்பப் பாட்டோடு பெயரும் ஒலித்தது, தெருவே அதைக் கேட்டது. முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் பீடி சுற்றிய பெண்களுக்கு இது பெருந்துணை. மடியில் சுளகு, அதில் வெட்டிய இலையும் தூளும் நூலும். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. கைக்கும் கண்ணுக்கும் ஓய்வில்லை, காது மட்டும் சும்மா இருந்தது. ஒரு வாசலில் பாடிய ரேடியோ நாலு வாசலுக்குப் பாடியது. பாட்டுக்கு நடுவே பேச்சும் நடந்தது, சண்டையும் நடந்தது.

குழாய் ரேடியோ என்ற கூம்பு ஒலிபெருக்கியை இதே வரிசையில் வைத்து ஏங்குகிறவர்கள்தான் தவறுகிறார்கள். காருக்குறிச்சி அருணாசலத்தை எடுத்துக்கொள்ளலாம். 1921-ல் பிறந்து 1964-ல் மறைந்த அந்த நாகசுர மேதையின் வாசிப்பு, ‘கொஞ்சும் சலங்கை’ (1962) படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு பதிவாகி, கல்யாண வீடுதோறும் கூம்புக் குழாய் வழியே ஒலித்தது. அவர் ஊரை எட்டியே பார்க்காதவர்களுக்கும் அந்த நாதம் போய்ச் சேர்ந்தது. பெரிய ஆதாயம், மறுப்பதற்கில்லை. ஆனால் நாகசுரக்காரர் ஊர்வலத்தில் தெருமுனையில் நின்று ராகத்தை விரிப்பது, முன்னால் நிற்கும் ரசிகரின் தலையசைப்பைப் பார்த்து. குழாய்க்கு முன்னால் எவர் தலையசைத்தாலும் ஒன்றுதான். கல்யாண வீட்டுக்காரரின் விருப்பம் ஊர் முழுவதற்கும் கட்டளை ஆயிற்று. நோயாளிக்கும் பரீட்சைப் பிள்ளைக்கும் சேர்த்துத்தான். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கிக்குத் தடை போட்டன. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று வரம்பும் வைத்தன. கூம்புகள் போய் இன்று ஒலிபெருக்கிப் பெட்டிகள் அடுக்கடுக்காய் நிற்கும் கொடைகளில் அந்த வரம்பு எத்தனை பந்தலில் மதிக்கப்படுகிறது என்பது வாசகர்கள் அறிந்ததுதான். அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் இரண்டு பேர் பேசிக்கொள்ள முடியாது. வில்லும் அதனிடம் தோற்கிறது.

இன்னொன்றையும் ஏக்கக்காரர்கள் மறைத்துவிடுகிறார்கள். கூடிக் கேட்ட இடங்கள் எல்லாருக்கும் ஒன்றுபோல் திறந்திருக்கவில்லை. தேநீர்க் கடை ரேடியோவைப் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டவர் யார், வெளியே நின்று கேட்டவர் யார் என்பதைச் சாதி தீர்மானித்த காலம் அது. பெண்கள் அந்தக் கடைக்குப் போகவே இல்லை. வீட்டு ரேடியோவின் திருகு பெரும்பாலும் ஆண்பிள்ளை கையில். இதைக் கணக்கில் சேர்க்காத எந்த மதிப்பீடும் அரைகுறையானது.

ஹெட்செட்டின் தகுதி இங்கேதான் துலங்குகிறது. யாரிடமும் கேட்காமல் தனக்கு வேண்டிய பாட்டைத் தேர்ந்து கேட்கும் உரிமையை, அந்த உரிமை இல்லாதிருந்தவர்களுக்கு அது கொடுத்தது. இன்றைய பீடித் திண்ணையில் சிறுவயதுப் பெண் ஒரு காதில் மட்டும் கருவியை மாட்டி, மறு காதைத் திறந்து வைத்திருக்கிறாள். பக்கத்தில் இருப்பவர் கேட்டதற்குச் சுற்றும் கை நிற்காமல் பதில் வருகிறது. தாராவியில் குடியேறிய நெல்லைக்காரர் தன் ஊர்க் கொடையின் வில்லை யூடியூபில் கேட்பதும் இதே கருவியால். குறை எது? பாட்டு ஒவ்வொருவர் காதிலும் தனித்தனியாக முடிந்துவிடுகிறது. நேற்று நீ கேட்டது எது, நான் கேட்டது எது என்று சேர்ந்து பேசப் பொதுப்பாட்டு இல்லை. தாராவிக்காரர் சொல்லும் ‘ஆமா’ அண்ணாவிக்கு எட்டாது. உடலுக்கும் ஒரு விலை உண்டு: வாரத்துக்கு 40 மணி நேரம், அதுவும் 80 டெசிபலுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு, பேருந்து இரைச்சலை மீற ஒலியைக் கூட்டுகிறவர் அதைச் சீக்கிரமே கடந்துவிடுவார்.

வரிசைப்படுத்தினால், பதில் முழுமையாக உயிரோடிருக்கும் வில்லு முதலிடம். தேர்வு குறைந்தாலும் பேச்சை அணைக்காத வானொலி அடுத்தது. தேர்வைத் தந்து பொதுமையைக் குறைத்த ஹெட்செட் மூன்றாவது. தேர்வையும் பதிலையும் ஒருசேரப் பறித்த குழாயும் பெட்டியும் கடைசி. பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டால் பீடித் திண்ணைப் பெண் ஹெட்செட்டைக் கழற்றிவிடலாம். பந்தல் முனையில் அடுக்கிய பெட்டியை அந்தப் பெண்ணால் கழற்ற முடியாது. மூன்றுக்கும் நாலுக்கும் இடையே நான் காணும் வேறுபாடு அவ்வளவே, அதுவே போதுமானது. வெளி ஒலி முழுவதையும் அடைக்கும் புதுவகைக் கருவிகளை இந்த மூன்றாம் இடத்தில் சேர்க்கவில்லை. இரண்டு காதையும் மூடி அக்காவின் அழைப்பையே நுழையவிடாத கருவியை எடைபோட நேர்ந்தால் என் முடிவு இத்தனை சலுகையோடு இராது.