விரைவுச் சதுரங்க உலகப் பட்டம்: வென்றோர் வரிசையும் ஆட்ட மரபுகளும்

ஒருவருக்கு ஆட்டம் முழுவதற்குமாகப் பத்து நிமிடத்துக்கு மேலும் ஒரு மணி நேரத்துக்குக் குறைவாகவும் காலம் தரப்படும் ஆட்டமே ‘ரேபிட்’ எனப்படும் விரைவுச் சதுரங்கம் என்று உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே வரையறுக்கிறது. உலகப் போட்டியில் தொடக்கத்தில் 15 நிமிடமும் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கூடுதலாக 10 நொடியும் வழங்கப்படுவதால், அறுபது நகர்த்தல்கள் நீளும் ஆட்டத்தை ஒருவர் 25 நிமிடத்துக்குள் முடித்தாக வேண்டும். இதை நெடுநேர ஆட்டத்தின் சுருங்கிய வடிவமாகக் கருதும் வழக்கம் இன்னும் மறையவில்லை எனினும், பட்டம் வென்றோரின் வரிசையைக் கூர்ந்து நோக்கினால், எதைக் கணக்கிடுவது, எதைக் கணக்கிடாமல் நம்பி நகர்த்துவது என்று பகுத்தறியும் தனித்திறனே இங்கு அளவுகோலாக நிற்பது புலனாகும்.

அத்திறன் விளைந்த நிலங்களுள் சென்னையும் ஒன்று. அங்குள்ள சோவியத் பண்பாட்டு மையத்தில் இயங்கிய மிகயீல் தால் சதுரங்கக் கழகத்தில், வென்றவர் பலகையிலேயே தொடர, தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குச் செல்ல வேண்டும் என்ற வழக்கத்தில் ‘பிளிட்ஸ்’ எனும் மின்னல் ஆட்டங்களை ஆடி வளர்ந்த விஸ்வநாதன் ஆனந்த், 2003இல் பிரான்சின் கேப் டாக்ட் நகரில் நடந்த இறுதிப் போட்டியில் விளாதிமிர் கிராம்னிக்கை வென்று உலக விரைவுப் பட்டத்தைப் பெற்றார். பதினான்கு ஆண்டுகள் கழித்து 2017இல் ரியாத்தில், மாக்னஸ் கார்ல்சனை ஒன்பதாம் சுற்றில் வீழ்த்தி, சமநிலையில் முடித்த விளாதிமிர் ஃபெதோசேயெவைக் கூடுதல் மின்னல் ஆட்டங்கள் இரண்டிலும் தோற்கடித்து அதே பட்டத்தை மீட்டபோது அவருக்கு வயது 48. முந்தைய ஆண்டு தோஹாவில் வென்ற உக்ரைனின் வசீல் இவன்சுக்கும் ஆனந்தைப் போலவே 1969இல் பிறந்தவர் என்பதால், கணினி ஆய்வு பரவுமுன் தேறிய ஒரு தலைமுறையின் உள்ளுணர்வு எவ்வளவு நீடித்தது என்பதற்கு இவ்விரு வெற்றிகளுமே போதிய சான்றாகும்.

2014 முதல் 2023 வரை ஐந்து முறை பட்டம் வென்ற கார்ல்சனின் மரபு வேறு. பிறர் சமநிலை என்று கைவிடும் நிலைகளிலும் விடாது ஆடி, நேரம் குறையும் எதிராளியின் சிறு பிழைக்காகக் காத்திருப்பது அது. 2018இல் வென்ற ரஷ்யாவின் தனீல் துபோவ், காய்களைப் பலி கொடுத்துப் பழகாத நிலைகளை உருவாக்குவதில் பெயர் பெற்றவர். 2021இல் வார்சாவில் உஸ்பெகிஸ்தானின் நோதிர்பெக் அப்துசத்தாரோவ் 17 வயதில் வென்றார்; ஆயினும் அப்போட்டியில் நால்வர் சமப் புள்ளி பெற்றிருந்தும், எதிராளிகளின் புள்ளிகளைக் கூட்டிப் பார்க்கும் துணைக் கணக்கின்படி இருவரே கூடுதல் ஆட்டத்துக்கு அனுமதிக்கப்பட்டனர். இம்முறையைக் கார்ல்சன் வெளிப்படையாகக் கண்டித்தார். அக்கண்டனம் நியாயமானதே, ஏனெனில் பலகையில் தீர வேண்டியதைக் கூட்டல் கணக்கு தீர்த்தது.

மகளிர் பிரிவில் ஆந்திரத்தின் கோனேரு ஹம்பி 2019இல் மாஸ்கோவில் பெற்ற வெற்றி, சமநிலையானால் கறுப்புக் காய்களுடன் ஆடுபவரே வென்றவராவார் என்ற ‘ஆர்மகெடான்’ ஆட்டம் வரை சென்றே முடிவாயிற்று. மகப்பேற்றுக்காக விலகியிருந்து திரும்பிய பின் கிடைத்த அப்பட்டத்தை, 2024இல் நியூயார்க்கில் முதல் சுற்றிலேயே தோற்றும், 11 சுற்றுகளில் எட்டரைப் புள்ளிகளுடன் கூடுதல் ஆட்டம் எதுவும் தேவைப்படாமல் தனியே முதலிடம் பிடித்து அவர் மீண்டும் வென்றார்.