கைசெய் மின்னிசைக் கருவிகளும் அவற்றின் பெட்டிகளும்

வீணையின் குடம் அலங்காரத்துக்காக ஏற்பட்டதன்று. பலா மரத்தைக் குடைந்து செய்த அந்த வெற்றிடமே தந்தியின் மெல்லிய அதிர்வை வளர்த்து நாதமாக நம் செவிக்குத் தருகிறது. மின்சாரத்தால் இசைக்கும் கருவியிலோ ஒலிக்கு மூலம் டிரான்சிஸ்டரும் ஐ.சி.யும், அது வெளிப்படுவது பெரும்பாலும் எங்கோ தள்ளி நிற்கும் ஸ்பீக்கரில், இடையிலே இருக்கும் பெட்டிக்கு நாதோற்பத்தியில் யாதொரு பங்கும் இல்லை. இதனாலேயே, வீட்டில் சொந்தமாகச் சர்க்யூட் அமைத்து ஃபஸ் பெடலோ சிறு சிந்தசைசரோ செய்துகொள்கிறவர்களில் ஒரு சாரார், வேலையெல்லாம் முடிந்த பிறகு மேலே போர்த்தும் வஸ்திரமாகவே பெட்டியைக் கருதுகிறார்கள். மற்றொரு சாராரோ, பெட்டிக்காகத்தான் சர்க்யூட்டையே செய்தார்களோ என்று நாம் ஐயுறும்படி, வர்ணத்திலும் சித்திரத்திலும் மரவேலையிலும் மூழ்கிப்போகிறார்கள். வாசிப்பவனின் கை வந்து படுகிற இடம் அது என்பதை இருவருமே மறந்துவிடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

கையால் தொடாமலே வாசிக்கப்படும் தெரமின் வாத்தியத்தில்கூடக் கைக்கும் பெட்டிக்கும் இந்த உறவு உண்டு. ராபர்ட் மூக் என்ற இளைஞர், பின்னாளில் உலகப் பிரசித்தி பெற்ற சிந்தசைசரைச் செய்தவர், 1954 ஜனவரியில் தம் பத்தொன்பதாம் வயதிலேயே ஓர் அமெரிக்க வானொலிப் பத்திரிகையில் தெரமின் செய்யும் விதத்தை விவரித்து எழுதினார். ஆண்டெனாவுக்கும் கைக்கும் நடுவே நேரும் மிக நுண்ணிய மின்தேக்க வேறுபாட்டை நம்பியே அவ்வாத்தியத்தின் சுருதி ஏறி இறங்குகிறது. ஆகவே ஆண்டெனாவை ஒட்டினாற்போல் பெரிய உலோகப் பெட்டி நின்றால், கை எத்தனை அசைந்தாலும் அதன் பலன் குன்றிவிடும். மரப்பெட்டி அங்கே அழகுக்கு மட்டும் வந்ததன்று.

இதைவிடத் துலக்கமான திருஷ்டாந்தம் ஆம்ஸ்டர்டாமில் கிடைக்கிறது. 1970-களில் ஸ்டைம் என்னும் இசைக்கூடத்தின் வாயிலாக மிஷெல் வைஸ்விஸ் வெளிக்கொணர்ந்த 'கிராக்டோஸ்' என்ற சிறு பெட்டியில் குமிழ்கள் இல்லை. மேல்முகத்தில் உலோகத் தகடுகள் சில உண்டு, அவ்வளவே. உள்ளே இருக்கும் 709 வகை ஐ.சி.யின் முனைகளோடு அவை இணைந்திருக்கின்றன. விரல்கள் தகடுகளில் படும்போது மனிதத் தோலே ரெஸிஸ்டராகி, அழுத்தமும் ஈரமும் மாற மாறக் கருவி முனகவும் அலறவும் செய்கிறது. அமெரிக்காவின் சின்சினாட்டியைச் சேர்ந்த ரீட் கசாலாவும், பேட்டரி பொம்மைகளின் சர்க்யூட்டை வளைத்துப் புது ஒலி காணும் தம் முயற்சியில், பொம்மைக் கூட்டின் வெளியே இத்தகைய தொடுமுனைகளைப் பதித்தார். கிராக்டோஸின் மேல்முகத்தைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது ஊமைச் சாமான்களே.

இனி, சாதாரணப் பெட்டியின் குணதோஷங்களுக்கு வருவோம். ஃபஸ் போல ஒலியைப் பன்மடங்கு பெருக்கும் சர்க்யூட்டைப் பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்தால், வீட்டு மின்கம்பிகளின் 50 ஹெர்ட்ஸ் ஹம் தாராளமாக உள்ளே வந்து சேரும். எர்த் கொடுத்த அலுமினியப் பெட்டி அதை வெளியிலேயே நிறுத்திவிடும். பெடல் செய்வோரிடையே கனடாவின் ஹாமண்ட் நிறுவனத்து 1590பி என்ற வார்ப்புப் பெட்டி ஏறத்தாழ ஒரு சம்பிரதாயமாகவே நிலைத்திருப்பதற்கு இந்தப் பாதுகாப்பும், காலால் மிதித்தாலும் நசுங்காத அதன் உறுதியும் காரணங்கள். நீளம் சுமார் 112, அகலம் 60, உயரம் 31 மில்லிமீட்டர். அதற்குள் இரண்டு ஜாக், ஒரு கால் ஸ்விட்ச், மூன்று குமிழ்கள், சில வேளைகளில் ஒரு பேட்டரியும் அடங்க வேண்டும். காகிதத்தில் வரைந்த படத்தை மேலே ஒட்டி, சென்டர் பஞ்சால் குழி வைத்து, முதலில் சிறு துளையிட்டுப் பின்பு பெரிதாக்கி, பிசிரை அரத்தால் நீக்குவதற்குள்ளாகவே பொறுமையின் பெரும்பகுதி செலவாகிவிடும். உள்ளிருந்து பார்க்கையில் இடம் வலமாக மாறிவிடும் என்பதை மறந்து துளையிட்டவன், ஜாக்கின் வால் ஸ்விட்சின்மேல் முட்டுகிற தருணத்தில்தான் விழித்துக்கொள்வான். பொட்டென்ஷியோமீட்டரின் முகத்தில் துருத்திக்கொண்டிருக்கும் சிறு காதுக்குத் தனியே ஒரு துளையிடச் சோம்பல்பட்டு அதைக் குறடால் ஒடித்தெறிகிறவர்கள் அநேகர். நட்டு சற்றே தளர்ந்தால் குமிழோடு உறுப்பு முழுவதும் சுழன்று உள்ளிருக்கும் கம்பிகளை அறுத்துவிடும்.

ஆயத்தமாகக் கிடைக்கும் பெட்டியையே நம்பும் பழக்கத்தின் பெருங்குறை, பெட்டியின் அளவு கருவியின் அமைப்பைத் தீர்மானித்துவிடுவதாகும். கிடைத்த பெட்டிக்குள் ஆறு குமிழ்களைத் திணித்துவிட்டு, ஒன்றைத் திருகும்போது பக்கத்துக் குமிழும் கூடவே நகர்கிறதே என்று அங்கலாய்ப்பதில் நியாயமில்லை. அதற்கு நேர்மாறாகவும் உண்டு: 1966-இல் வெளிவந்த ஃபஸ் ஃபேஸ் பெடலின் வட்டப் பெட்டி, மைக் ஸ்டாண்டின் அடிப்பாகத்தைப் போன்றது, உள்ளே இரண்டே டிரான்சிஸ்டர்களும் விரல்விட்டு எண்ணத்தக்க உதிரிகளுமே இருப்பதால் பெரும்பகுதி வெற்றிடம். பார்த்த மாத்திரத்தில் மனத்தில் பதியும் முகம் அது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இன்று வீட்டில் அதைப் போலி செய்கிறவர்கள், காலால் மிதிக்கச் சௌகரியமா என்று கேளாமல் உருவத்தை மட்டும் பிரதி செய்கிறார்கள். குமிழ்களுக்குப் பெயரே எழுதாமல் விடும் நாகரிகம் ஒன்றும் இக்காலத்தில் உண்டு. தனக்கென்று செய்துகொள்கிறவனுக்கு அது விளையாட்டு, விலைக்கு விற்கிறவனுக்கு அது அலட்சியம்.

எல்லாவற்றிலும் நான் ஒப்ப மறுப்பது பிசினிட்டு மூடும் வழக்கத்தை. பொன்னிறப் பெட்டியால் பெயர்பெற்ற கிளான் சென்டார் பெடலின் சர்க்யூட்டைப் பிறர் நகல் எடுக்காதபடி கறுப்புப் பிசினால் மூடினார்கள். வியாபாரிக்கு அதில் ஒரு நியாயம் இருக்கலாம். தன் வீட்டு மேசைமீது தானே செய்த கருவியை எபாக்ஸியால் ஒட்டி மூடுகிறவனுக்கு எந்த நியாயமும் இல்லை. பேட்டரி கசிந்தாலோ ஓர் இணைப்பு விட்டுப்போனாலோ அவன் தன் சிருஷ்டியைத் தானே உடைக்க வேண்டியவனாகிறான்.

ஆகவே புதிதாக இதில் இறங்குகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே: சர்க்யூட் முதன்முதலில் ஒலித்த அன்றைக்கே ட்ரில்லை எடுக்க வேண்டாம், குமிழ்களை ஓர் அட்டைப் பெட்டியில் பொருத்திச் சில நாட்கள் வாசித்துப் பாருங்கள், கை எந்தக் குமிழை அடிக்கடி நாடுகிறது, எதைத் தொடவே இல்லை என்பது தெரிந்த பிறகு அலுமினியத்தில் துளையிடுங்கள், மூடியைத் திருகாணிகளால் மட்டுமே பொருத்துங்கள்.