கடல் தாண்டி வந்த அரிசி

1945 ஆகஸ்ட் 15. ஜப்பானின் கூரே துறைமுக நகரில் ஒரு வீட்டுப் பெண்கள் வானொலி முன் உட்கார்ந்து சக்கரவர்த்தியின் குரலைக் கேட்கிறார்கள். ஒரே இரைச்சல். போதாததற்கு, புரியாத பழைய நடை. தோற்றுவிட்டோம் என்பதே தங்களுக்குள் பேசிப் பேசித்தான் பிடிபடுகிறது.

சுனாவோ கதாபுச்சியின் 'இன் திஸ் கார்னர் ஆஃப் தி வேர்ல்ட்' (2016) அனிமேஷன் படத்தில் எனக்கு முக்கியமான இடம் இதுதான். நாத்தனார் கெய்கோ, ஏதோ வேலை முடிந்த மாதிரி எழுந்து போகிறாள். கொஞ்ச நேரத்தில் வீட்டுக்குப் பின்னால் நின்று, செத்துப்போன மகளின் பெயரைச் சொல்லி அழுகிறாள். அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்து நடந்தபோதுதான் தாமதக் குண்டு வெடித்து சுசுவின் வலது கையும் போனது. அதுவரை சிரித்தே சமாளித்த சுசுவுக்கு வருவது நிம்மதி இல்லை, ஆத்திரம். கடைசி ஆள் வரை என்றுதானே சொன்னார்கள், எனக்கு இன்னும் ஒரு கை மிச்சம் இருக்கே என்கிறாள்.

தோட்டத்துக்கு ஓடுகிறாள். கீழே ஊருக்குள் ஒரு கொரியக் கொடி ஏறுகிறது. ஃபுமியோ கோனோவின் மூல மங்காவில் அப்போது சுசு நினைப்பது: வன்முறையால் பிறரை அடக்கி வைத்திருந்தோம், அதனால்தான் வன்முறைக்குப் பணிகிறோம், இதுதானா இந்த நாட்டின் நிஜம்? படத்தில் அது வேறாகிவிட்டது. கடல் தாண்டி வந்த அரிசியாலும் சோயாவாலும் ஆனவள் நான், அதனால் பணியத்தான் வேண்டுமோ என்கிறாள்.

படத்தின் பக்கமும் நியாயம் உண்டு. சுசு சமைத்துக்கொண்டே இருப்பவள். அவளுக்கு நாடு அடுப்படி வழியாகத்தான் புரியும். அன்று இரவே மாமியார் ஒளித்து வைத்திருந்த வெள்ளை அரிசியைச் சமைக்கிறார்கள், விளக்கை மூடிய துணியை எடுக்கிறார்கள். அருமையான காட்சி. ஆனால் அரிசி தானாகவா கடல் தாண்டியது? கொரியாவிலும் தைவானிலும் விளைந்ததை ஏற்றிக்கொண்டுபோன ஆட்சி அந்த வசனத்தில் இல்லை. கொடியும் சட்டென்று வந்து போகிறது. யாருடையது என்று தெரியாதவருக்கு அது வெறும் துணி. தெரு, கடை, வானிலை வரைக்கும் தேடித் தேடிச் சரிபார்த்த இயக்குநர் இவர் (பொறியாளனான எனக்கு அதுவே கொண்டாட்டம்). இங்கே மட்டும் ஏன் இந்தத் தயக்கம்?

'ஜப்பான்காரன் காலம்' என்றால் எங்கள் பாட்டிக்கு மரவள்ளிக்கிழங்குதான். மலாயாவுக்கு பர்மா, சயாம் அரிசி வரத்து சுருங்கிப்போன காலம். சயாம் ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து ஆள் பிடித்துப்போன காலம். சுசு அழுத அதே நாட்களில்தான் இங்கே வாழைமர நோட்டு செல்லாக்காசானது. அவள் அழுகை பொய்யில்லை, எனக்கும் தொண்டை அடைத்தது. அதனாலேயே மங்காவின் அந்த ஒரு வரி எனக்கு வேண்டும். முடிந்தால் மங்காவை முதலில் படித்துவிட்டுப் படத்தைப் பாருங்கள்.