வட்டிக்கடைக் குடும்ப வரலாற்றில் விடுபடும் பற்றுப் பக்கம்

குமராட்சியில் பஸ் ஏறி சிதம்பரம் போகிற எங்க பக்கத்து ஆட்களுக்கு 'அண்ணாமலை' என்றால் முதலில் மலை ஞாபகத்துக்கு வராது, யுனிவர்சிட்டிதான் வரும். அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் கானாடுகாத்தான் குடும்பத்தின் வரலாற்றைக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்க ஒரு குறை உறுத்திக்கொண்டே இருந்தது. அதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

வழக்கமாகச் சொல்லப்படும் கதை இது. எஸ்.ஆர்.எம்.எம். விலாசத்துக் குடும்பம் வியாபாரமும் லேவாதேவியும் செய்து வளர்ந்தது. சிதம்பரம் நடராஜர் கோயில் திருப்பணியைச் செய்தது. 1906-இல் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி திவாலாகி, ஏகப்பட்ட பேர் போட்ட பணம் போச்சு. அதையடுத்து வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று 1907-இல் இந்தியன் வங்கியைத் தொடங்கினார். அதில் ராமசாமி செட்டியாருக்குப் பங்கு உண்டு. அவர் தம்பி அண்ணாமலை செட்டியார் 1920-இல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரி ஆரம்பித்தார். பிறகு 20 லட்சம் ரூபாய் கொடுத்து, 1929-இல் அது பல்கலைக்கழகமானது. அதே ஆண்டு அவருக்கு ராஜா பட்டமும் வந்தது.

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இப்படிச் சொல்லும் வரலாறுகளில் பணம் திடீரென்று வந்து நிற்கும். கொடுத்த கணக்கு விவரமாக இருக்கும், வந்த கணக்கு 'கடல் கடந்து வணிகம் செய்து' என்ற ஒரு வரியில் முடிந்துவிடும். ஐந்தொகை எழுதுவதில் பேர்போன ஒரு சமூகத்தின் கதையை ஒரு பக்கக் கணக்காக எழுதுவது வேடிக்கைதான்.

டேவிட் ரட்னர் 1994-இல் வெளியிட்ட ஆய்வு நூல் இதற்கு நல்ல மாற்று. காலனிய இந்தியாவில் சாதியும் முதலாளியமும் எப்படிச் சேர்ந்து இயங்கின என்பதை நகரத்தாரை வைத்து அவர் விளக்குகிறார். சாதி முதலாளியத்துக்குத் தடை என்ற பழைய எண்ணத்தை மறுக்கிறார். ஒரு கடைக்கு இன்னொரு கடை கடன் கொடுப்பது, வட்டி விகிதத்தைக் கூடிப் பேசி முடிவு செய்வது, லாபத்தில் மகமை எடுத்துக் கோயிலுக்கு வைப்பது, உள்ளுக்குள்ளேயே பெண் கொடுத்து எடுப்பது என எல்லாம் சேர்ந்து ஒரு வங்கி அமைப்பாகவே வேலை செய்தன என்கிறார். கோயில் கொடையும் ஒரு நாணயச் சான்றுதான். இது முக்கியமான வாதம். தர்மமும் தொழிலும் தனித்தனி அறைகள் இல்லை என்று காட்டிவிட்டார்.

இங்கிலாந்தின் குவேக்கர் குடும்பங்களோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகப் புரியும். சத்தியப் பிரமாணம் செய்ய மறுத்த கிறிஸ்தவப் பிரிவு அது. அதனாலேயே அவர்களுக்கு அரசுப் பதவிகள் மூடியிருந்தன, வியாபாரம்தான் மிச்சம். பர்மிங்காமில் இரும்பு வியாபாரம் செய்த சாம்ப்சன் லாய்டு 1765-இல் கூட்டாளியோடு வங்கி தொடங்கினார். அதுதான் இன்றைய லாய்ட்ஸ். அவர்களும் உள்ளுக்குள்ளேயே மணம் முடித்தார்கள், வெளியே கட்டினால் சபையிலிருந்து நீக்கம். திவாலானாலும் அதே தண்டனை. சிறைச் சீர்திருத்தத்துக்குப் பேர்போன எலிசபெத் ஃப்ரையின் கணவரது வங்கி 1828-இல் நொடித்தபோது சபை அவரை வெளியேற்றியது. நாணயம் தனி மனிதக் குணம் மட்டுமல்ல, கூட்டம் காவல் காக்கும் சொத்து. நம்ம நகரக் கோயில் கூட்டங்களுக்கும் இது பொருந்தும்.

ஆனால் ரட்னரிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. கடன் கொடுத்தவரின் உலகம் அவரிடம் முழுசாகக் கிடைக்கிறது. கடன் வாங்கியவர் மையத்துக்கு வருவதே இல்லை.

அந்த ஆள் பெரும்பாலும் கீழ் பர்மாவின் நெல் விவசாயி. 1930 வாக்கில் அங்கே சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. ராஜா குடும்பத்தின் செட்டிநாடு வங்கியும் ரங்கூனில் இயங்கியது. ஐராவதி டெல்டாவின் காடும் சதுப்பும் வயலானதற்கு இந்த மூலதனம் பெரிய காரணம். அதை மறைத்துச் சொல்வதும் அநியாயம். ஆனால் 1930-க்குப் பிறகு நெல் விலை சரிந்தது. கடன் அடைபடவில்லை, ஈடு வைத்த நிலம் கை மாறியது. முக்கியமான 13 நெல் மாவட்டங்களின் சாகுபடி நிலத்தில் 1930-இல் 6 சதவீதம் செட்டியார்களிடம் இருந்தது. 1938-இல் அது 25 சதவீதம்.

இது சூழ்ச்சி இல்லை. லேவாதேவிக்காரருக்கு வேண்டியது ரொக்கம். வாங்க ஆள் இல்லாத நிலம் அவருக்கும் பாரம்தான். 1942-இல் ஜப்பானியர் வந்தபோது பலர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். 1948-இல் நில தேசியமயச் சட்டம் வந்தது. அந்த இழப்பு நம்ம பக்கத்தில் நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. அதற்கு முன்னால் நிலத்தை இழந்த பர்மியக் குடும்பம் நம்ம புத்தகங்களில் ஒரு சதவீதக் கணக்காகத்தான் இருக்கிறது.

பல்கலைக்கழகத்தின் ஒவ்வொரு செங்கல்லும் பர்மா வட்டியில் வந்தது என்று சொல்ல வரவில்லை. அந்தக் குடும்பத்துக்குச் சென்னையிலும் தொழில் இருந்தது. நான் கேட்பது சின்ன விஷயம். வங்கியாளர் குடும்பத்தின் வரலாறு என்றால் கொடை, கடன் வாங்கியவர் இரண்டும் ஒரே பேரேட்டில் வர வேண்டும். கொடையை மட்டும் எழுதினால் அது கல்வெட்டு. வட்டியை மட்டும் எழுதினால் வசவு.

எங்க ஏரியாவில் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கிய எத்தனையோ பேருக்கு வாசல் திறந்தது அந்தக் கேம்பஸ்தான். அந்த நன்றி எனக்கும் உண்டு. 2013-இல் அரசு பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொண்டுவிட்டது. இனி கேள்வி கேட்டால் நன்றி கெட்டவன் என்று யாரும் சொல்லப்போவதில்லை. டெல்டாவில் பிறந்த நமக்கு, நெல் விலை விழுந்தால் கடன் வாங்கிய வீட்டில் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஐராவதிக் கரையின் அந்தப் பக்கத்தை எழுதச் சரியான ஆட்கள் நாமதான் என்று தோன்றுகிறது.