பொதி யார் பேரில்? லினக்ஸ் கேர்னலின் போக்குவரத்துக் கணக்கு

ஒரே கணினியில் பல நிரல்கள் இணையத்தைப் பயன்படுத்தும்போது, வெளியே போகும் ஒவ்வொரு பொதியும் எந்த நிரலுக்குரியது என்பது இயங்குதளத்தின் மையமான கேர்னலுக்குத் தெரிந்தாக வேண்டும். வேகத்தைப் பங்கிடுவது அதை வைத்துத்தான். லினக்ஸில் இதற்கான சி-குரூப் வகைப்படுத்தி, தோமஸ் கிராஃப் எழுதியது, 2009இல் வந்த 2.6.29 பதிப்பில் சேர்ந்தது. நிரல்களைக் குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஓர் எண் கொடுத்து, அந்த எண்படி பொதிகளை வரிசையில் விடுவது அதன் வேலை. நிரலில் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியதில்லை என்பது இம்முறையின் பெரிய பலம்.

இணைப்பு மெலிந்த இடத்தில்தான் இதன் அருமை தெரியும். இலங்கையின் ஹட்டன், நுவரெலியா தேயிலைத் தோட்டங்களில் மலை மறைக்கும் இடங்களில் சிக்னல் நிலையாக இருப்பதில்லை. 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது பிள்ளைகள் லயன் வீடுகளை விட்டு மேட்டுக்கு ஏறிப் பாடம் கேட்க வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட இணைப்பில் நேரலை வகுப்பும் கோப்பு மேலேற்றும் நிரலும் ஒரே கணினியில் ஓடினால், வகுப்பு முந்தவும் கோப்பு பிந்தவும் வேண்டும்.

வகைப்படுத்தியின் முதல் வடிவம் சறுக்கியதும் அதே இடத்தில்தான். பொதியை வகைப்படுத்தும் கணத்தில் மையச் செயலகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் நிரல் இழை எதுவோ, அதன் குழு எண்ணையே அது எடுத்துக்கொண்டது. கொழுந்து நிறுக்கும்போது பறித்தவரை விட்டுவிட்டுத் தராசருகே நிற்பவர் பேரில் கிலோவை எழுதுவது போன்றது இது. பொதி எங்காவது தாமதித்துப் பின்னர் கையாளப்பட்டால், அந்நேரம் ஓடும் வேறொரு நிரலின் கணக்கில் விழுந்துவிடும். ஓடும் நிரலை இடைமறித்துச் செய்யும் வேலையில், அதாவது குறுக்கீட்டுச் சூழலில், கேர்னல் அனுப்பும் பொதிகளோ எந்தக் குழுவிலும் சேரவில்லை. அங்கே ஓடும் இழைக்கும் பொதிக்கும் சம்பந்தமில்லை என்பதால் அவற்றை ஒதுக்கிவிடும்படியே வகைப்படுத்தி எழுதப்பட்டிருந்தது.

ஒரு பெரிய கோப்பு மேலேறுவதைக் கவனித்தால் இழப்பின் அளவு புரியும். நிரல் தன் இணைப்பு முனையான சாக்கெட்டில் தரவை எழுதுகிறது. முதல் சில பொதிகள் உடனே போகின்றன, அதன்பின் இடையகம் நிரம்பிவிடுகிறது. எதிர்முனையிலிருந்து ஒப்புகை வர வரத்தான் டி.சி.பி அடுத்த பொதிகளை விடுகிறது. அந்த ஒப்புகை கையாளப்படுவது குறுக்கீட்டுச் சூழலில். தொலைந்த பொதியை நேரக்கணிப்பான் மீண்டும் அனுப்புவதும் அங்கேதான். இணைப்பு மெதுவாக ஆக ஆக, இப்படிப் பேரின்றிப் போகும் பங்கு கூடுகிறது. கட்டுப்பாடு மிகவும் தேவைப்படும் இடத்திலேயே அது கைவிடுகிறது என்பதால், இதைச் சிறு குறை என்று ஒதுக்க முடியாது.

2010 மே மாதத்தில் ஹெர்பர்ட் சூ தந்த திருத்தம் குழு எண்ணை இழையிலிருந்து சாக்கெட்டுக்கு மாற்றியது. சாக்கெட் பிறக்கும்போதே எண் பதியும். வெளியிலிருந்து வரும் இணைப்பு, காத்திருந்த சாக்கெட்டின் எண்ணைப் பெறும். ஒப்புகையால் கிளம்பும் பொதிக்கும் இதனால் உரியவர் கிடைத்தார். அடிப்படையைச் சரிசெய்த திருத்தம் இதுவே. ஆயினும் பின்னர் சாக்கெட்டைக் கடைசியாகத் தொட்டவரின் எண் அதில் ஏறும் என்று அத்திருத்தம் வைத்த விதி பலவீனமானது. பொதிகளின் முன்னுரிமைக்கெனக் கேர்னலில் இருந்த சகோதரப் பகுதியில் இத்தகைய விதியின் விளைவு வெளிப்பட்டது: ஐஸ்கசி என்ற வலையமைப்புச் சேமிப்பக முறையின் தரவைக் கேர்னலின் பணி இழை அனுப்பியதும், நிர்வாகி இட்ட முன்னுரிமை அழிந்து இயல்புநிலைக்குத் திரும்பியது. 2012இல் ஜோன் ஃபாஸ்டபென்ட் அதைத் திருத்தினார். டேனியல் வாக்னர் அதே முறையை வகைப்படுத்திக்கும் கொண்டுவந்தார். ஒரு செயல்முறையைக் குழு மாற்றும்போது மட்டுமே எண் மாறும் என்றாயிற்று.

இத்திருத்தங்களுக்குப் பின்னும் ஒரு சிக்கல் எஞ்சுகிறது: இரு குழுக்கள் ஒரே சாக்கெட்டில் எழுதினால் ஒரே பொதியில் இருவர் தரவும் கலக்கலாம். அதற்குச் சரியான ஒற்றை விடை கிடையாது. பதிலி வழங்கி வழியே பல பிள்ளைகள் இணையம் பார்க்கும் நிலையத்திலும் இதே சிக்கல்: கேர்னலுக்குத் தெரிவது பதிலியின் சாக்கெட் மட்டுமே. கைப்பேசியிலும் இது உண்டு. அண்ட்ராய்டு ஒவ்வொரு செயலிக்கும் தனி அடையாள எண் கொடுத்துத் தரவைக் கணக்கிடுகிறது. ஆனால் செயலி கேட்ட கோப்பைப் பதிவிறக்கச் சேவை கொண்டுவந்தால், கேட்டவர் பேரை அச்சேவை சாக்கெட்டில் குறித்தால்தான் கணக்கு நேராகும். டேட்டா கார்டு போட்டு இணையம் பார்க்கும் தோட்டக் குடும்பம் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும்: இது கைப்பேசியின் உள்கணக்கு. நிறுவனம் கழிக்கும் அளவு அதன் வலையமைப்பில் தனியே எண்ணப்படுகிறது.

2016இல் வந்த 4.5 பதிப்பில் சி-குரூப்பின் இரண்டாம் வடிவம் நிலைபெற்றது. பழைய எண் முறை அதில் இல்லை. சாக்கெட், தான் பிறந்த குழுவையே நேராகச் சுட்டுகிறது. 4.10 முதல் கேர்னலுக்குள் ஓடும் பி.பி.எஃப் என்ற சிறு நிரலைக் குழுவோடு இணைத்தும் பொதிகளை எண்ணலாம். எண்களைப் பராமரிக்கும் தொல்லை தீர்ந்தது நல்லதே. இதற்கான விலை, ஓடும் செயல்முறையைக் குழு மாற்றினாலும் ஏற்கெனவே திறந்த சாக்கெட்டுகள் பழைய குழுவிலேயே தங்கிவிடுவது. ஆகவே மெலிந்த இணைப்பைப் பங்கிடுபவர்கள் நிரலைத் தொடங்கும் முன்பே அதற்குரிய குழுவில் சேர்த்துவிட வேண்டும். முன்பே ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்தி மீண்டும் தொடங்குவதே நம்பகமான வழி.