யார் பார்வையில் கோதை?

பார்வைக் கோணம் என்பதை ஏதோ நாவலாசிரியனின் உத்தி என்றே நம் விமர்சகர்கள் பேசுகிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோதையைப் பார்ப்போம்.

மாலையைச் சூடிக் களைந்ததுதான் அவளைப் பற்றி ஊரறிந்த கதை. நாச்சியார் திருமொழியின் 143 பாசுரங்களில் அவள் அதைச் சொல்வதே இல்லை. மாறாக, அவனுடைய துழாயைக் கொண்டுவந்து தன் கூந்தலில் சூட்டச் சொல்கிறாள். சூடிக் களைந்தது, வெளியே நின்று பார்ப்பவனுக்குத்தான் சம்பவம். கனவில் கண்ட கல்யாணத்தைத் தோழியிடம் சொல்கிறாள். கேட்கிற நாம் தோழியாகிவிடுகிறோம். நம்புவதா என்ற கேள்வியே எழுவதில்லை.

கிருஷ்ணதேவராயர் (ஆட்சி 1509–1529) தெலுங்கில் எழுதிய 'ஆமுக்தமால்யத'வின் கதைசொல்லி எல்லாம் அறிந்தவர். விஷ்ணுசித்தர், பாண்டியன் சபை, யாமுனாச்சாரியார் என்று அவர் பார்வை விரிகிறது. கோதைக்குக் கிடைப்பது சிறிய இடம். அவளைக் கண்டு வியக்கிறோம், அவ்வளவுதான். அதைத் தமிழாக்கியவர் பக்கத்து ராஜபாளையத்து மு. கு. ஜகந்நாத ராஜா. இரண்டையும் தமிழிலேயே அடுத்தடுத்துப் படித்துப் பார்க்கலாம்.

ஆனால் தன்மையில் பேசினாலே உண்மை வந்துவிடும் என்பதும் மயக்கம்தான். பதிகம் முடிகையில் 'நான்' ஒதுங்கிக்கொள்கிறது. விட்டுசித்தன் மகள் கோதை சொன்னது என்று படர்க்கையில் பெயர் விழுகிறது. தன் வேட்கையைத் தானே தள்ளி நின்று பார்க்கும் அந்தக் கணம் நம் தன்மைக்கூற்று நாவல்கள் பலவற்றில் நேர்வதில்லை.