குடிகாரக் குருவிக்கு ஒரு காசு

செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் குதிரையேறிய பேரரசர்களின் சிலைகளை அண்ணாந்து பார்க்க வேண்டும். சீஷிக்-பீஷிக் என்னும் குருவிச் சிலையைக் காணவோ கைப்பிடிச் சுவரில் சாய்ந்து குனிய வேண்டும். ஃபொன்டாங்கா ஆற்றுச் சுவரில், தண்ணீருக்குச் சற்று மேலே, 11 சென்டிமீட்டர் உயர வெண்கலக் குருவி. ஜார்ஜியக் கலைஞர் ரேஸோ கப்ரியாத்ஸே வடித்து, 1994இல் வைத்தது. நாட்டுப்பாட்டொன்றில் வோட்கா குடித்துவிட்டு வரும் பறவை இது!

எறிந்த காசு அதன் காலடித் திட்டில் தங்கினால் நினைத்தது நடக்குமாம். பெரும்பாலும் 'குளுக்'கென்று ஆற்றில்தான் விழுகிறது. புதுமாப்பிள்ளைகள் கயிற்றில் கிண்ணத்தை இறக்கி அதன் அலகில் மெல்ல இடிக்கிறார்கள். கிண்ணம் உடையாவிட்டால் இல்வாழ்க்கை இனிக்குமாம். குடிகாரனிடம் போய்க் குடும்பச் சுகம் கேட்பது வேடிக்கைதான். கையடக்கம் என்பதால் குருவியையே பலமுறை திருடியிருக்கிறார்கள். ஆனாலும் அது மீண்டும் அங்கே வந்து அமர்ந்துவிடுகிறது.